ஓகே அழுத்த ஆளில்லை

1

மலேசியாவின் தைப்பிங்கை விட்டு அம்பத்தூருக்கு வந்து பத்து வருடம் முடிந்த நாளில், நான் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திட்டமிட்டதல்ல. வருடா வருடம் இந்த மாதத்தில்தான் என் தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்ள வேண்டும். மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், நகல்களை அடுக்கிக் கொடுத்து, ஒரு நகல் குறைகிறது என்று தெரிந்துகொண்டு, தெருவில் இறங்கி அதை எடுத்து வந்து, மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இதில் எனக்கு இப்போது நல்ல பழக்கம் உண்டு.

இந்த முறை இருந்த குமாஸ்தா புதியவர். மலேசியக் கடப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாரும் இந்த ஊரை விட்டுப் போறதுக்கு லைன்ல நிக்கிறாங்க. நீங்க இருக்கறதுக்கு நிக்கிறீங்களேம்மா,” என்றார்.

கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தேன். அதை விரலால் தடவிவிட்டு முத்திரை குத்தினார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் மாதக்கணக்காகப் பயந்திருந்தேன். அந்தப் பயம் ஏன் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ‘அங்கே போய் என்னதான் செய்கிறாய்’ என்று ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் அம்மா பிறந்தது இங்கே, மண்ணூர்பேட்டையில். கல்யாணமாகிக் கப்பலேறி தைப்பிங்குக்கு வந்தவள் திரும்ப ஒருமுறைகூட வரவில்லை. அவளுடைய அண்ணன் மகன் குணசேகரன் எனக்கு முறை மாப்பிள்ளை. அவரைக் கட்டிக்கொண்டு எண்பத்தாறில் நான் எதிர்த்திசையில் வந்தேன். அப்பா படுக்கையில் இருந்ததால் அம்மாவால் என் கல்யாணத்துக்கும் வர முடியவில்லை. அண்ணன் ராமு மட்டும் வந்து போனான். மாமாவுக்கு இருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட, என் கணவர் அதே தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரு மகள், கயல். இங்கேயே பிறந்தவள்.

2

நட்டு போல்ட் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் நான் வேலை செய்யும் இடம். முதலாளி முரளி சாரும் நாங்கள் நாலைந்து பேரும் சுற்றியுள்ள சின்னத் தொழிற்சாலைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிறோம். கல்யாணத்துக்கு முன் அங்கே ஈப்போவில் இன்சூரன்ஸ் ஆபீசில் நான் கற்ற வேலை இங்கே கைகொடுத்தது. ஆனால் என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. சேர்ந்த புதிதில் முரளி சாரிடம் அதைச் சொன்னேன்.

“நீங்க குணசேகரன் வொய்ஃபு. பக்கத்துல இருக்கீங்க, வந்து ஒத்தாசை பண்றீங்க. இதுல என்ன இருக்கு?” என்றார்.

புரோகிராம் எழுதுவது என்றால் புத்திக்கூர்மையான வேலை என்று ஊரில் நினைப்பீர்கள். பெரும்பாலும் அடுத்தவர் சிந்தியதைத் துடைக்கும் வேலைதான். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த மென்பொருள் மாதத்தை முதலிலும் தேதியை இரண்டாவதாகவும் எடுத்துக்கொள்ளும்; மார்ச் நாலாம் தேதி வந்த சரக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி வந்ததாகக் காட்டும். இந்த ஊரில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் திரை நகராது. ஒரு மேசையில் ஒருவர் கோப்பைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், மற்ற மேசைகளில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போய்ச் சரிசெய்வேன். அடுத்த வாரம் இன்னொரு தொழிற்சாலையில் அதே தவறு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

எழுதியவர்களிடம் கேட்கலாம் என்றால் அவர்கள் இருக்க மாட்டார்கள். எங்களிடம் வேலை கற்கும் பையன்கள் எல்லாரும் கொஞ்ச நாளில் அமெரிக்கா போய்விடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் சுதாகர் கெட்டிக்காரன். அவன் விட்டுப்போன புரோகிராம்களில் ஒன்று பட்டரவாக்கம் பக்கம் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அது லாரி கியர்களை உலையில் வைத்துச் சூடேற்றி உறுதியாக்கும் இடம். உலையின் சூடு அளவு மீறினால் கியர் எல்லாம் வீண். புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை உலையின் சூட்டைக் கேட்டுப் பார்க்கும். மீறினால் மணி அடிக்கும். அவ்வப்போது அளவைக் காகிதத்தில் அச்சடித்தும் வைக்கும்.

முதலில் அது மற்ற புரோகிராம்கள் மாதிரி மேசைத் திரையில்தான் ஓடியது. ஆபீசில் இருந்தவர்கள் அதை மூடிவிட்டுச் சீட்டாட்டம் ஆடினார்கள். தொழிற்சாலை மேனேஜர் சலித்துப்போய், யாரும் மூட முடியாதபடி செய்து தரச் சொன்னார். சுதாகர் அதைச் ‘சர்வீஸ்’ ஆக மாற்றினான். சர்வீஸ் என்றால் திரையில் வராது. கம்ப்யூட்டரைப் போட்டதும் யார் உட்கார்ந்திருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும் பின்னால் தன்பாட்டுக்கு ஓடும். மாற்றிக் கொடுத்த கையோடு அவன் விமானம் ஏறினான்.

3

ஒரு திங்கட்கிழமை அந்த மேனேஜரே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் ஷிப்டில் ஓர் உலை அளவு மீறிக் கொதித்து, உள்ளே இருந்த கியர் அத்தனையும் வீணாகியிருந்தது. மணி அடிக்கவில்லை. அச்சடித்த காகிதத்திலும் மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

“ஆபரேட்டர் ஏகாம்பரம் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கியிருக்கான். ரெண்டு மாசம் முன்னாடியும் இதே மாதிரி, இதே ஞாயித்துக்கிழமை, இதே ஆளு. சஸ்பெண்ட் பண்ணிட்டேன். விசாரணை வெக்கப் போறேன். உங்க புரோகிராம்ல கோளாறு இல்லன்னு ஒரு வார்த்தை வேணும்,” என்றார்.

முரளி சார் என்னைப் பார்த்தார். நான் அந்த புரோகிராமை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு நாள் ஓட்டினேன். சும்மா ஓட்டினேன், சூட்டைப் பொய்யாக ஏற்றி ஓட்டினேன், வயரைப் பிடுங்கி ஓட்டினேன். அடிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் மணி அடித்தது. எங்கேயும் நிற்கவில்லை.

“கோளாறு தெரியலை சார்,” என்றேன்.

முரளி சார் போனில் மேனேஜரிடம் சொன்னபோது ‘தெரியலை’ என்பது ‘இல்லை’ ஆகிவிட்டது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்று கயலுக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே மனதில் இருந்தது.

4

கயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயது. என் வயிற்றில் பிறந்தவள் பேசுவது எனக்குப் பாதிதான் சொந்தம். “அம்மா, பென்சில் ஊட்லியே கீது” என்பாள். “வீட்டிலேயே இருக்கு” என்று திருத்துவேன். “நீ நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி பேசுறம்மா,” என்பாள். தைப்பிங்குக்குப் போன் போட்டு ரிசீவரைக் கொடுத்தால், பாட்டி கேட்கும் கேள்விக்கு “உம்” சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். இவள் பேசுவது அம்மாவுக்கு விளங்காது என்ற கவலையில் நானும் வற்புறுத்துவதில்லை.

எனக்கும் இந்த ஊர்த் தமிழோடு வழக்கு உண்டு. வந்த புதிதில் வீட்டுக்கு வந்தவர்களிடம் நம் ஊர் வழக்கப்படி “தண்ணி கலக்கட்டுமா?” என்று கேட்டேன். காப்பியா தேநீரா என்றுதான் அர்த்தம். வந்தவர்கள் மாமாவைப் பார்த்தார்கள்; மாமா தரையைப் பார்த்தார். இங்கே தண்ணி என்றால் சாராயம். காரைக் ‘காடி’ என்று சொல்லி, புளித்த கஞ்சியைச் சொல்கிறேன் என்று சிரிப்பு வாங்கியிருக்கிறேன். பத்து வருடத்தில் அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். அவற்றின் இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. அதனால்தான் செய்தி வாசிப்பவள் ஆனேன் போலிருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை ஏகாம்பரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். முத்தாபுதுப்பேட்டையில் இருப்பவர். நாற்பது வயதிருக்கும். முன்னங்கையில் முடி கருகிப்போய் வழவழவென்று இருந்தது. என் கணவருக்கு டீக்கடையில் பழக்கமானவர். உள்ளே வரச் சொன்னோம். வாசல்படி அருகிலேயே நின்றார்.

“மேடம், நான் தூங்கல. தூங்குனா ஒத்துக்குவேன். முன்ன ஒரு பர்னஸுக்கு ஒரு ஆளு. இந்தப் பொட்டி வந்தப்புறம், மணி அடிக்கும், நீ ரெண்டையும் பாத்துக்கோன்னுட்டாங்கோ. அந்தாண்ட பர்னஸ்ல லோடு ஏத்திக்கினு இருந்தேன். மணி அடிச்சா ஓடியாருவேன். அடிக்காத மணிய நான் எப்பிடி மேடம் கேக்கறது?”

“கம்ப்யூட்டரை யாராவது நிறுத்தினாங்களா?”

“ஆபீஸ் ரூமு ஞாயித்துக்கெழம பூட்டு. சாவி வாச்மேன் கிட்ட கீது. நான் உள்ளயே போறதில்ல.”

“நான் சோதிச்சுப் பார்த்தேன் அண்ணே. எங்க இடத்துல நல்லாத்தான் ஓடுது.”

“உங்க எடத்துல ஓடும் மேடம். எங்க எடத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாருங்கோ. நான் வேற எதுவும் கேக்கல.”

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

5

அடுத்த ஞாயிறு போனேன். ‘பரிசோதனை’ என்று மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். வாச்மேன் ஆபீஸ் அறையைத் திறந்துவிட்டார். ஏகாம்பரத்தின் இடத்தில் வேறொருவர் இரண்டு உலைகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். உலையின் முகத்தில் சூடு காட்டும் முள்ளை இன்று நேரடியாகப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவைத்தேன்.

உலைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வயர் போகும் சின்னப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. புரோகிராம் சூட்டைக் கேட்கும்போதெல்லாம் அது ஒருமுறை மினுக்கும். நான் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பார்ப்பதற்கு அதைவிட்டால் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். வெளியே உலையின் இரைச்சல். பிரின்டர் எப்போதாவது கரகரவென்று ஒரு வரி அடித்துவிட்டு ஓயும்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது பிரின்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காகிதம் தீர்ந்திருந்தது. தினமும் காலையில் ஆபீஸ் உதவியாளர்தான் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டு, காகிதமும் வைப்பாராம். ஞாயிறு அவருக்கு விடுமுறை. சனிக்கிழமை வைத்ததில் மிச்சம் அதிகமிருந்தால் ஞாயிறு தாங்கும். குறைவாக இருந்தால் தீர்ந்துவிடும். சரி, தீர்ந்தால் தீரட்டும் என்று பச்சை விளக்கைப் பார்த்தேன். அது மினுக்கவில்லை. காத்திருந்தேன். மினுக்கவே இல்லை.

கம்ப்யூட்டரில் எதெது ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். அதில் நம் புரோகிராம் இருந்தது. சாகவில்லை. உயிரோடு இருந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றது.

கையோடு கொண்டுபோயிருந்த சுதாகரின் வரிகளைப் பிரித்துப் பிரின்டர் பகுதியைத் தேடினேன். அங்கேயே இருந்தது. ‘பிரின்டரில் காகிதம் இல்லை’ என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் காட்டு; யாராவது ‘ஓகே’ அழுத்தும்வரை நில்.

மேசையில் ஓடிய காலத்தில் அது சரியான ஏற்பாடு. கட்டம் வரும், எதிரில் இருப்பவர் ஓகே அழுத்துவார், வேலை தொடரும். சர்வீஸுக்குத்தான் திரையே கிடையாதே. கட்டம் யார் கண்ணுக்கும் தெரியாத ஓரிடத்தில் வந்து நின்றது. அதை அழுத்த ஆளில்லை. அழுத்தும்வரை சூட்டைக் கேட்கவும் மாட்டேன், மணி அடிக்கவும் மாட்டேன் என்று புரோகிராம் காத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் நான் அதைச் சாதாரண புரோகிராம் போலத் திரையில் ஓட்டியபோது இப்படி எத்தனை கட்டம் வந்ததோ, எத்தனை ஓகே அழுத்தினேனோ, நினைவில்லை. படிக்காமலே அழுத்தியிருப்பேன். நம் தொழிலில் விரல் தானாகப் போகும் இடம் அது.

கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டு, காகிதம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எதிர் டீக்கடையில் ஏகாம்பரம் நின்றிருந்தார். நான் வரும் நாள் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. சொன்னேன்.

“அப்ப பொட்டிதான் தூங்கிச்சா?”

“தூங்கலைண்ணே. யாராவது வந்து சரின்னு சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்துச்சு.”

“யாருமே இல்லாத எடத்துல.”

“ஆமா.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். “இத்த விசாரணைல வந்து சொல்லுவீங்களா மேடம்?”

பார்க்கிறேன் என்றேன். அவருக்கு அந்த வார்த்தை நன்றாகப் பழகியதுதான் என்பது முகத்தில் தெரிந்தது.

6

சரிசெய்வது ஒரு காலை வேலை. கட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை ஒரு கோப்பில் எழுதிவிட்டு மேலே போ என்று மாற்றினேன். பிரின்டர் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடு, சூட்டைக் கேட்பதை நிறுத்தாதே. அவ்வளவுதான். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். முகமில்லாத புரோகிராம் எழுதும் எல்லாரும் ஒருமுறை இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள்.

முரளி சார் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “தேவகி, இதே சுதாகர் எழுதுனது இன்னும் மூணு இடத்துல ஓடுது. கோளாறுன்னு நாம எழுதிக் குடுத்தா நாலு இடமும் போயிடும். ‘சிறு மாற்றம் செய்யப்பட்டது’ன்னு எழுதிடறேன். மூணு இடத்துலயும் நாம போயி மாத்திடலாம்.”

“ஏகாம்பரம் வேலை போயிடும் சார்.”

“நான் மேனேஜர்கிட்ட தனியா சொல்லிப் பாக்கறேன். நீங்க போய் உக்காந்தீங்கன்னா முதல் கேள்வியே நீங்க யாருன்னுதான் வரும். என்ன சொல்லுவீங்க? எங்கிட்ட வேலை பாக்கறேன்னா? உங்க பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?”

அவர் மிரட்டவில்லை. நல்ல மனிதர்தான். அவரும் களைத்திருந்தார்.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“எவனாவது எழுதிப் போட்டு உன்ன நாட்ட உட்டுப் போகச் சொல்லிட்டாங்கன்னா? கயல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அவரு யூனியன்ல சொல்லிக்கட்டும்.”

“யூனியன்ல யாருக்கு இது தெரியும்?”

“உனக்கு மட்டும் தெரிஞ்சதுதான் தப்பாப் போச்சி.”

எழுந்து கை கழுவப் போனார். விசாரணை நாள் வரும்வரை வீட்டில் அந்தப் பேச்சு ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. யாரும் அதைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அந்த நாள் காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது கணவர் பட்டறைக்குப் போகாமல் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஏறு,” என்றார். தொழிற்சாலை கேட்டில் இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். “நான் இங்கியேதான் கீறேன். சீக்கிரம் சொல்லிட்டு வா.”

7

விசாரணை ஆபீஸ் அறையிலேயே நடந்தது. ஒரு வயதான வக்கீல்தான் விசாரணை அதிகாரி. மேனேஜர் ஒரு பக்கம், ஏகாம்பரமும் இன்னொரு தொழிலாளியும் மறுபக்கம். என்னைப் பார்த்ததும் ஏகாம்பரம் எழுந்து நின்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்.

“பேரு?”

“தேவகி.”

“எந்தக் கம்பெனி? என்ன போஸ்ட்?”

இதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. “இந்த புரோகிராமை இப்ப பார்த்துக்கிறது நான்தான் சார். பழைய புரோகிராமை எடுத்து வந்திருக்கேன். ஓட்டிக் காட்டட்டுமா?” என்றேன்.

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தோளைக் குலுக்கினார். நான் பழைய புரோகிராமை ஏற்றினேன். பச்சை விளக்கைக் காட்டினேன். எல்லாரும் குனிந்து அது மினுக்குவதைப் பார்த்தார்கள். பிறகு பிரின்டரில் இருந்த காகிதத்தை உருவினேன். அடுத்த வரி அடிக்கும் நேரம் வரும்வரை காத்திருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை நின்றது.

“இப்ப ஒருத்தர் ஓகே அழுத்தணும் சார். அழுத்துனாத்தான் மறுபடி ஓடும்.”

“எங்க அழுத்தணும்?” வக்கீல் திரையைப் பார்த்தார். அங்கே வெறும் நீலம்.

“அந்த இடம் இல்லை சார். அதுதான் கோளாறு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப இவரு எழுந்து வந்து பாத்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதா?”

“கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிருக்காது சார்.”

அவர் எழுதிக்கொண்டார். என் பெயருக்கு எதிரே என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. வெளியே வந்து மொபெட்டில் ஏறினேன். கணவர் வண்டியைக் கிளப்பினார்.

8

ஏகாம்பரத்தின் மீது இருந்த சஸ்பென்ஷன் நீங்கியது. தூங்கினார் என்ற குற்றச்சாட்டை விட்டுவிட்டு, முள்ளைப் பார்த்திருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கையோடு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அந்தத் தொழிற்சாலை போய்விட்டது. மற்ற மூன்று இடங்களுக்கும் முரளி சார் என்னை அனுப்பிச் சரிசெய்ய வைத்தார். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் காலையில் வந்தால் “என்ன தேவகி” என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டார். நானும் என் பாட்டுக்குத் தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் போலீஸ் ஜீப் போனால் யார் வீட்டுக்கு என்று பார்ப்பேன். தபால்காரர் நின்றால் அரசு முத்திரை உள்ள உறையா என்று தேடுவேன்.

சில மாதம் கழித்து ஏகாம்பரம் மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். வேலையை விட்டுவிட்டேன் என்றார்.

“ஏண்ணே? கேஸ்தான் முடிஞ்சுதே.”

“மணி அடிக்கும்னு சொல்லி ரெண்டு பர்னஸ் குடுத்தாங்கோ. அது அடிக்காதுன்னு நீங்க காட்டுனப்புறமும் ரெண்டு பர்னஸ்தான் மேடம். ஒரு கண்ணு முள்ளு மேல, ஒரு கண்ணு மணி மேல. இது ஆவறதில்ல.”

ஏஜென்ட் ஒருவர் மூலம் மலேசியாவில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. ஊர் பெயரை மடித்த காகிதத்தில் வைத்திருந்தார். கமுந்திங். நான் இரண்டு முறை படித்தேன். அங்கிருந்து தைப்பிங்கில் எங்கள் வீடு சைக்கிள் தூரம்.

மழை நிறைய பெய்யும் என்றேன். கடப்பிதழை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள் என்றேன். தண்ணி கலக்கட்டுமா என்று கேட்டால் பயப்படாதீர்கள், தேநீர்தான் என்றேன். அண்ணன் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். போவார் என்று எதிர்பார்க்கவில்லை. இப்படி எத்தனையோ பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

9

முத்திரை குத்தி வாங்கிவந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்தது. அண்ணன் ராமு.

“யாரும்மா இந்த ஆளை அனுப்பியிருக்கே? காலையில பசியாறுற நேரத்துல வந்தாரு. அவரு பேசுறது பாதி எனக்கு விளங்கலை. ஆனா அம்மா அவரை விட மாட்டேங்குறாங்க. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க, அழுவுறாங்க. நீயே பேசு.”

ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. பின்னால் ஏகாம்பரத்தின் குரல் எதையோ சொல்லி முடித்தது. பிறகு அம்மா.

“இன்னாடி, நல்லா கீறியா?”

வேறு யாரோ என்று நினைத்தேன்.

“தேவகி, லைன்ல கீறியா?”

என் அம்மா என்னிடம் பேசும் தமிழ் எனக்குத் தெரியும். ‘சாப்பிட்டியாம்மா’, ‘உடம்பு எப்படி இருக்கு’. ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்ட மாதிரி வரும். நான் பிறந்ததிலிருந்து அந்த வாயில் வேறு எதையும் கேட்டதில்லை.

“இருக்கேம்மா,” என்றேன். “நீ ஏம்மா இப்படிப் பேசுறே?”

“இந்தப் புள்ள முத்தாபுதுப்பேட்டயாமே. எங்க சின்னம்மாவ அங்கதான் குடுத்திருந்தாங்கோ. பேசிக்கினே இருந்தமா, அப்பிடியே வந்துடுச்சி.” சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “நான் இங்க வந்த புதுசுல ரப்பர் தோட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்கோ. உங்கப்பாரு, வேணாம் உட்டுடுன்னாரு. உட்டுட்டேன். மறந்தே பூட்ச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“நீ சொன்னதே இல்லையேம்மா.”

“சொல்றதுக்கு இன்னா கீது அதுல? நீ நல்லா பேசணும்னுதான்.” நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “கயலு ஊட்ல கீதா?”

கயல் தரையில் படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து ரிசீவரைக் காதில் வைத்தாள். “உம்” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள்.

“இன்னா ஆயா? ஆமா, துன்னுட்டேன். நீ இன்னா பண்ணிக்கினு கீற?”

அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கயல் வாய்விட்டுச் சிரித்தாள். ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அண்ணனுக்குப் போன் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் எதையும் திருத்தாமல் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.